குடியரசுத் தலைவர் கே. ஆர். நாராயணன்: கல்வியும் வாக்கும்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் எந்தப் பெருமகனின் வரலாற்றை எழுதுவது என்று எண்ணியபோது, பல பெயர்கள் நம் முன் நின்றன. அண்ணல் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன், எம். சி. ராஜா, என். சிவராஜ் ஆகியோரின் தொண்டினை நம் மாணவர் ஓரளவு அறிவர். ஆண்டுதோறும் அவர்தம் பிறந்த நாள்களில் சொற்பொழிவுகள் நிகழ்கின்றன. கட்டுரைப் போட்டிகளும் நடைபெறுகின்றன. ஆனால் நம் சங்கம் தோன்றிய காலத்தில் இந்நாட்டின் முதற் குடிமகனாக வீற்றிருந்த கொச்சேரில் ராமன் நாராயணனை நம் இளைஞர் பெரிதும் அறியார். அவர் 2005ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 9ஆம் நாள் மறைந்தார். அவ்வாண்டு பிறந்த மகவு இன்று வாக்குரிமை பெற்றுவிட்டது. அறியாமை அவ்விளைஞரின் குற்றமன்று. சொல்லாமல் விட்டது மூத்தோராகிய நம் குறையே.

இக்கட்டுரைக்கு மற்றொரு நோக்கமும் உண்டு. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் நம் மக்கள் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று: குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது யார்? நாம் வாக்களிக்காத ஒரு தேர்தலில் வென்றவர் நம் தலைவர் ஆவது எவ்வாறு? நாராயணனின் வாழ்வைச் சொல்லுமிடத்து இவ்வினாவுக்கும் விடை சொல்லலாம் என்று கருதுகின்றோம். அவர் வாழ்க்கை கல்வியால் உயர்ந்த வாழ்க்கை; அவர் பதவி வாக்கினால் கிடைத்த பதவி. இவ்விரண்டும் நம் மக்களுக்கு எளிதிற் கிட்டியவை அல்ல.

பிறப்பும் இளமையும்

கேரள மாநிலம் கோட்டயம் மாவட்டத்தில் உழவூர் என்பது ஒரு சிற்றூர். அங்கே ஓலை வேய்ந்த குடிலொன்றில், ஏழு மக்களுள் நான்காமவராக நாராயணன் பிறந்தார். தந்தையார் ராமன் வைத்தியர் மூலிகை மருத்துவம் அறிந்தவர். ஊரார் மதிப்பைப் பெற்றவர். ஆயினும் குடும்பம் வறுமையில் உழன்றது. அவர்கள் கேரளத்தின் பட்டியல் சாதிகளுள் ஒன்றாகிய பரவன் வகுப்பினர். நம் கடற்கரையில் வாழும் பரதவர் வேறு, இவர்கள் வேறு.

அவர் பிறந்த நாள் 1920 அக்டோபர் 27 என்று ஆவணங்கள் கூறும். அது உண்மையான பிறந்த நாள் அன்று. பள்ளியிற் சேர்க்க உடன் சென்ற மாமாவுக்குச் சரியான நாள் தெரியாது, அவர் வாய்க்கு வந்த நாளைச் சொன்னார், அதுவே பதிவாயிற்று. பிற்காலத்தில் நாட்டின் தலைவரான பின்னும் நாராயணன் அதனை மாற்ற முற்படவில்லை. நம் பாட்டன், பாட்டியருள் எத்தனை பேருக்குப் பள்ளி ஆசிரியரோ எழுத்தரோ பிறந்த நாள் குறித்துக் கொடுத்தனர் என்பதை எண்ணிப் பார்ப்போர்க்கு இதன் பொருள் விளங்கும்.

பள்ளிக்கு நாள்தோறும் வயல் வரப்புகளின் வழியே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நடந்து சென்றார். கட்டணம் செலுத்த இயலாத நாள்களில் வகுப்பறைக்கு வெளியே நின்று பாடங் கேட்டார். நூல் வாங்கவும் பணமில்லை. அவருடைய தமையனார் நீலகண்டன் இழைப்பு நோயால் வீட்டோடு முடங்கியிருந்தவர். அவர் பிற மாணவரிடம் பாடநூல்களை இரவலாகப் பெற்று, பக்கம் பக்கமாகக் கையால் எழுதித் தம்பிக்குக் கொடுத்தார். ஒரு குடியரசுத் தலைவரின் கல்விக்கு அடித்தளம் இட்டவருள், நோயுற்ற அத்தமையனாரை நாம் முதலிடத்தில் வைக்கின்றோம்.

குறவிலங்காடு புனித மரியன்னை உயர்நிலைப் பள்ளியிற் பள்ளியிறுதித் தேர்வில் தேறியபின், கோட்டயம் சி. எம். எஸ். கல்லூரியில் 1938 முதல் 1940 வரை இடைநிலை வகுப்புப் பயின்றார். திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் உதவித்தொகை அதற்குத் துணையாயிற்று. பின்னர்த் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்று, 1943ஆம் ஆண்டில் முதல் வகுப்பில் முதல்வராகத் தேறினார். வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட சிறுவன் பல்கலைக்கழகத்தின் முதல் மாணவனாக நின்ற செய்தி இது.

சென்னையும் இலண்டனும்

பட்டம் பெற்றபின் வேலை தேடி ஊரைவிட்டுப் புறப்பட்டார். 1944, 1945ஆம் ஆண்டுகளில் இதழாளராகப் பணிபுரிந்தார். முதலில் நம் சென்னையில் இந்து நாளிதழிலும், பின்னர்ப் பம்பாயில் டைம்ஸ் ஆஃப் இந்தியா நாளிதழிலும் பணியாற்றினார். 1945 ஏப்ரலில் பம்பாயில் காந்தியடிகளை நேரிற் கண்டு, தீண்டாமை குறித்தும் பிற பொருள்கள் குறித்தும் வினவும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது.

அவ்வாண்டே தொழிலதிபர் ஜே. ஆர். டி. டாட்டா வழங்கிய உதவித்தொகையோடு இலண்டன் சென்று, இலண்டன் பொருளியல் பள்ளியிற் சேர்ந்தார். அண்ணல் அம்பேத்கர் பயின்று 1923இல் ஆய்வுப் பட்டம் பெற்ற அதே கல்விக்கூடம் அது. அங்கே அரசியலறிஞர் ஹெரால்ட் லாஸ்கியிடம் பயின்று முதல் வகுப்பில் தேறினார். 1948இல் தாயகம் திரும்பியபோது, லாஸ்கி இவரைக் குறித்துப் பிரதமர் நேருவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அதன் பயனாக 1949இல் இந்திய அயலுறவுப் பணியில் அமர்த்தப்பெற்றார்.

இவ்விடத்தில் நம் பெற்றோர் ஒன்றைக் கருதுதல் வேண்டும். இவருடைய படிப்பின் ஒவ்வொரு படியிலும் ஓர் உதவி நிற்கின்றது: தமையனாரின் கையெழுத்துப் படி, அரச குடும்பத்தின் உதவித்தொகை, டாட்டாவின் உதவித்தொகை, ஆசிரியரின் கடிதம். அறிவு அவருடையது, உழைப்பு அவருடையது. ஆயினும் இவ்வுதவிகளுள் ஒன்று தவறியிருப்பினும் அவ்வறிவு உழவூரின் வயல் வரப்போடு நின்றிருக்கக் கூடும். அவ்வாறு நின்றுபோன அறிவாளர் எத்தனை ஆயிரவர் என்பதற்கு எந்த ஏட்டிலும் கணக்கில்லை.

அயலுறவுப் பணி

இரங்கூன், டோக்கியோ, இலண்டன், கான்பெரா, ஹனோய் ஆகிய நகரங்களில் உள்ள இந்தியத் தூதரகங்களில் அவர் பணியாற்றினார். இரங்கூனில் மா டிண்ட் டிண்ட் என்னும் பர்மியப் பெண்மணியைக் கண்டு காதல் கொண்டார். அயல்நாட்டுப் பெண்ணை மணக்கத் தூதரகப் பணியாளர்க்கு அரசின் தனி இசைவு வேண்டும். நேருவின் இசைவைப் பெற்று 1951 ஜூன் 8ஆம் நாள் தில்லியில் மணம் நிகழ்ந்தது. அம்மையார் உஷா என்னும் பெயர் பூண்டு இந்தியக் குடிமகள் ஆனார். சித்ரா, அமிர்தா என இரு பெண்மக்கள் பிறந்தனர்.

தாய்லாந்திலும் துருக்கியிலும் தூதராக இருந்தபின், 1976இல் சீனத்துக்கு அனுப்பப்பட்டார். 1962ஆம் ஆண்டுப் போருக்குப் பின் அந்நாட்டில் இந்தியாவுக்கு முழுநிலைத் தூதர் இல்லாதிருந்தது. அந்த நீண்ட இடைவெளியை முடித்துவைக்கும் பொறுப்பு இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1979இல் தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனார். 1980 முதல் 1984 வரை அமெரிக்க நாட்டில் இந்தியத் தூதராக விளங்கினார்.

தனித்தொகுதியின் வழியே

1984இல் கேரளத்தின் ஒற்றப்பாலம் நாடாளுமன்றத் தொகுதியில் காங்கிரசு வேட்பாளராக நின்று வென்றார். 1989லும் 1991லும் மீண்டும் வென்றார். அந்நாளில் ஒற்றப்பாலம் பட்டியல் சாதியினர்க்குரிய தனித்தொகுதி. இராஜீவ் காந்தி அமைச்சரவையில் திட்டம், அயலுறவு, அறிவியல் தொழில்நுட்பம் ஆகிய துறைகளின் இணை அமைச்சராக இருந்தார்.

தனித்தொகுதி முறையைக் குறைகூறுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். அம்முறைக்குக் குறைகள் உண்டு என்பதை நாமும் மறுக்கவில்லை. தனித்தொகுதியில் வெல்பவர் தம் மக்களைவிடத் தம் கட்சிக்கே கட்டுப்பட்டவராக நின்றுவிடுவதும் உண்டு. ஆனால் மூன்று நாட்டுத் தூதுகளை ஆற்றி, ஒரு பல்கலைக்கழகத்தை நடத்தி, வல்லரசின் தலைநகரில் நாட்டுக்காகப் பேசிய ஒருவர், நாடாளுமன்றத்துள் நுழைந்த வாயில் தனித்தொகுதி என்பதை மறத்தலாகாது. நம் வட்டாரத்திலும் திரு. வி. க. நகர், எழும்பூர், பொன்னேரி ஆகியவை தனித்தொகுதிகளே.

1992இல் குடியரசுத் துணைத் தலைவர் தேர்தல் வந்தது. அத்தேர்தலில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளின் உறுப்பினர் மட்டுமே வாக்களிப்பர். கட்சிகள் பலவும் இவரையே ஏற்றன. செல்லத்தக்க 701 வாக்குகளில் 700 இவருக்கு விழுந்தன. எதிர்த்து நின்றவர் பெற்றது ஒரே வாக்கு.

குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை

இனி, நாம் முன்னர்க் கூறிய வினாவுக்கு வருவோம்.

அமெரிக்க நாட்டில் கட்சிகள் மாநிலந்தோறும் முதனிலைத் தேர்தல்கள் நடத்தி, மாநாடு கூட்டித் தம் வேட்பாளரை அறிவிக்கும். பின்னர் மக்கள் வாக்களித்து, மாநிலந்தோறும் வாக்காளர் குழுவினரைத் தேர்வர். அங்கே தலைவரே ஆட்சியை நடத்துபவர். நம் நாட்டில் ஆட்சியை நடத்துபவர் பிரதமரும் அமைச்சரவையும் ஆவர். ஆதலின் நம் குடியரசுத் தலைவரை மக்கள் நேராகத் தேர்தல் வேண்டியதில்லை என்று அரசியல் நிருணய சபை முடிவு செய்தது. நேரடித் தேர்தல் வேண்டும் என்று பேராசிரியர் கே. டி. ஷா வாதிட்டார். அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. கோடிக்கணக்கான வாக்காளரைக் கொண்டு அத்தகைய தேர்தலை நடத்தும் அருமையையும், ஆட்சியதிகாரம் இல்லாத பதவிக்கு அது பொருந்தாமையையும் அவர் எடுத்துக்காட்டினார்.

ஆகவே, அரசியலமைப்பின் 54ஆம் பிரிவு வாக்காளர் குழு ஒன்றை அமைத்தது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும், மாநிலச் சட்டமன்றங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் அதில் அடங்குவர். பிற்காலத் திருத்தத்தால் தில்லி, புதுவைச் சட்டமன்றத்தாரும் சேர்க்கப்பட்டனர். நியமன உறுப்பினர்க்கும், சட்ட மேலவையினர்க்கும் இதில் வாக்கில்லை.

இக்குழுவில் எல்லா வாக்கும் ஒரே மதிப்புடையன அல்ல. ஒரு மாநிலத்தின் மக்கள்தொகையை அதன் சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, வந்ததை மீண்டும் 1,000 ஆல் வகுத்தால் கிடைப்பது ஓர் உறுப்பினரின் வாக்கு மதிப்பு. 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகை 4,11,99,168. அதனை 234 ஆலும், பின்னர் 1,000 ஆலும் வகுக்க 176 வரும். அதுவே இராயபுரம் உறுப்பினரின் வாக்கு மதிப்பு. திருவொற்றியூர் உறுப்பினரின் வாக்கு மதிப்பும் அதுவே. உத்தரப்பிரதேச உறுப்பினருக்கு 208. கேரள உறுப்பினருக்கு 152. சிக்கிம் உறுப்பினருக்கு 7. சட்டமன்ற உறுப்பினர் அனைவரின் வாக்கு மதிப்பையும் கூட்டி, தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்புக் கிடைக்கும். 2022ஆம் ஆண்டுத் தேர்தலில் அது 700 ஆக இருந்தது. இதனால் மாநிலங்கள் அனைத்தும் ஒரு தட்டிலும், நாடாளுமன்றம் மறு தட்டிலும் ஏறக்குறையச் சமமாக நிற்கின்றன. கூட்டாட்சி என்பதன் பொருள் இக்கணக்கில் அமைந்துள்ளது.

மக்கள்தொகை பெருகிவர, 1971ஆம் ஆண்டின் எண்ணையே ஏன் இன்னும் கொள்கின்றனர் என்று சிலர் வினவலாம். குடும்பநலத் திட்டத்தைச் செவ்வனே நிறைவேற்றிய மாநிலங்கள் அதனாலேயே செல்வாக்கு இழத்தலாகாது என்று கருதி, 1976இல் 42ஆவது திருத்தம் அவ்வெண்ணை நிலைநிறுத்தியது. 2026க்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பின் எண்கள் வெளிவரும் வரை அந்நிலை நீடிக்கும் என்று பின்னர் வந்த திருத்தம் கூறுகின்றது. தமிழ்நாட்டவராகிய நாம் விழிப்போடு நோக்க வேண்டிய செய்தி இது.

வேட்பாளர் இந்தியக் குடிமகனாகவும், 35 வயது நிரம்பியவராகவும், மக்களவைக்கு நிற்கும் தகுதி உடையவராகவும், ஊதியப் பயனுள்ள அரசுப் பதவி வகியாதவராகவும் இருத்தல் வேண்டும். தொடக்கத்தில் வேட்புமனு அளிப்பது மிக எளிதாக இருந்தது. 1967இல் 17 பேர் நின்றனர். அவருள் 9 பேருக்கு ஒரு வாக்கும் விழவில்லை. எனவே 1974இல் முன்மொழிவோர் 10 பேர், வழிமொழிவோர் 10 பேர், காப்புத்தொகை 2,500 ரூபாய் என்று சட்டம் செய்தனர். 1997இல் அது 50 பேர், 50 பேர், 15,000 ரூபாய் என உயர்ந்தது. வாக்காளர் குழுவைச் சேர்ந்தோரே முன்மொழியவும் வழிமொழியவும் இயலும். ஆகவே கட்சிகளின் துணையின்றி ஒருவர் வேட்பாளராவது அரிதாயிற்று. வீண் மனுக்களைத் தடுத்த சட்டம், ஏழைக் குடிமகனின் மனுவையும் தடுத்துவிட்டது என்பதனையும் சொல்லத்தான் வேண்டும்.

வாக்குச் சீட்டில் சின்னம் இல்லை. வேட்பாளர் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என விருப்ப வரிசையை எண்ணாற் குறித்தல் வேண்டும். செல்லத்தக்க வாக்கு மதிப்பிற் பாதிக்கு மேற் பெற்றவரே வென்றவர். எவரும் அவ்வளவு பெறாவிடின், கடைசியில் நின்றவரை நீக்கி, அவர் வாக்குகளை இரண்டாம் விருப்பப்படி பிறர்க்குப் பகிர்வர். 1969இல் தொழிற்சங்கத் தலைவராகிய வி. வி. கிரிக்கு முதற் கணக்கிற் கிடைத்தது 4,01,515. வெற்றிக்கு வேண்டியது 4,18,169. இரண்டாம் விருப்ப வாக்குகள் சேர்ந்தபின்னரே அவர் 4,20,077 பெற்று, 4,05,427 பெற்ற சஞ்சீவ ரெட்டியை வென்றார். வாக்களிப்பு மறைவானது, இன்னாருக்கே போடுக என்று கட்சிக் கொறடா ஆணையிடுதல் இத்தேர்தலில் இல்லை. தமிழ்நாட்டு உறுப்பினர், நம் துறைமுகத்தை அடுத்துள்ள புனித ஜார்ஜ் கோட்டையில் வாக்களிக்கின்றனர்.

இப்போது நம் வினாவுக்கு விடை தெளிவாகும். இராயபுரத்து மீனவரும், எண்ணூர்த் தொழிலாளியும், திருவொற்றியூர்ச் சேரியில் வாழும் மூதாட்டியும் தேர்தல் நாளில் இடும் ஒரு வாக்கு, சட்டமன்ற உறுப்பினர் ஒருவரை ஆக்குகின்றது. அவர் கையில் 176 என்னும் மதிப்பாக நின்று, அது தில்லியில் ஒருவரை முதற் குடிமகனாக்குகின்றது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர்க்குரிய தனித்தொகுதிகள் 44. அவற்றின் உறுப்பினர் வாக்குகளைக் கூட்டினால் மதிப்பு 7,744. பொதுத்தொகுதி உறுப்பினர்க்கு ஒரு மதிப்பு, தனித்தொகுதி உறுப்பினர்க்கு ஒரு மதிப்பு என்னும் வேறுபாடு இக்கணக்கில் இல்லை. தெருவிலும் குளத்திலும் கோயிலிலும் மறுக்கப்பட்ட சமன்மை இவ்வாக்குச் சீட்டில் எழுதப்பட்டுள்ளது.

1997ஆம் ஆண்டுத் தேர்தல்

இந்தியா விடுதலை பெற்ற 50ஆம் ஆண்டு அது. ஐ. கே. குஜ்ராலின் ஐக்கிய முன்னணி மத்தியில் ஆட்சி செய்தது. காங்கிரசு வெளியிலிருந்து ஆதரித்தது. இவ்விரு தரப்பும் நாராயணனை வேட்பாளராக ஏற்றன. எதிர்க்கட்சியாகிய பாரதிய ஜனதாவும் ஆதரவு அளித்தது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் டி. என். சேஷன் எதிர்த்து நின்றார். சிவசேனை அவரை ஆதரித்தது. ஜூலை 14இல் வாக்களிப்பு நிகழ்ந்தது. நாராயணனுக்குக் கிடைத்த வாக்கு மதிப்பு 9,56,290, சேஷனுக்கு 50,631. செல்லத்தக்க வாக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவு நாராயணனுக்கே விழுந்தன. ஆறில் ஒரு பங்கு பெறாமையால் சேஷன் காப்புத்தொகையை இழந்தார். 1997 ஜூலை 25ஆம் நாள், ஒடுக்கப்பட்ட வகுப்பிற் பிறந்த ஒருவர் முதன்முறையாக இந்தியக் குடியரசின் தலைவராகப் பதவி ஏற்றார்.

இவ்வெற்றியைக் குறித்து நம்மிடையே இருவகைக் கருத்து உண்டு. கட்சிகள் தம் நற்பெயருக்காக நம்முள் ஒருவரை மாளிகையில் அமர்த்தின. அதனாற் சேரியின் துயர் தீரவில்லை என்பார் ஒருசாரார். அவர் அமர்ந்ததே நமக்குப் பெருமை; வேறென்ன வேண்டும் என்பார் மறுசாரார். முன்னவர் கூற்றில் உண்மை உண்டு. அரை நூற்றாண்டுக் காலம் அப்பதவி நம்மவர்க்குக் கிட்டவில்லை. கிட்டிய பின்னும் வன்கொடுமைகள் நின்றபாடில்லை. பின்னவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆனால் அது பெருமையோடு நின்றுவிடுகின்றது. நாராயணனோ தம்மை ஒரு வகுப்பின் அடையாளமாக மட்டும் கருதுவதை விரும்பவில்லை. அதே வேளையில் தாம் பிறந்த வகுப்பின் துன்பத்தை மறைக்கவும் இல்லை. அவரை மதிப்பிட வேண்டுவது அவர் அமர்ந்த இருக்கையைக் கொண்டன்று. அமர்ந்து செய்தவற்றைக் கொண்டே.

பதவியில் ஆற்றியவை

1997 அக்டோபரில் உத்தரப்பிரதேச அரசைக் கலைத்துக் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொணர மத்திய அமைச்சரவை பரிந்துரைத்தது. அவ்வரசு அப்போதுதான் சட்டமன்றத்திற் பெரும்பான்மையை மெய்ப்பித்திருந்தது. நாராயணன் பரிந்துரையை மறு ஆய்வுக்குத் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை அதனைக் கைவிட்டது. 1998 செப்டம்பரில் வாஜ்பாய் அமைச்சரவை பீகார் அரசைக் கலைக்கப் பரிந்துரைத்தபோதும் அவ்வாறே திருப்பினார். தம்மைத் தேர்ந்தெடுத்த அரசு, தேர்ந்தெடுக்காத அரசு என்று வேறுபாடு காணவில்லை. பீகாரில் ஒடுக்கப்பட்ட மக்கள் கொன்று குவிக்கப்பட்ட நிகழ்ச்சிகளுக்குப் பின், 1999 பிப்ரவரியில் அமைச்சரவை மீண்டும் பரிந்துரைத்தது. அரசியலமைப்பு விதித்தவாறே ஒப்புதல் அளித்தார். ஒருமுறை திருப்பும் உரிமை 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தத்தால் வந்தது. அதற்கு மேல் அவர் ஓரடியும் வைக்கவில்லை.

எக்கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாத 1998ஆம் ஆண்டில், ஆட்சியமைக்க முன்வந்தவரிடம் ஆதரவுக் கட்சிகளின் கடிதங்களை எழுத்தில் கேட்டுப் பெற்றார். அவ்வாண்டுப் பொதுத் தேர்தலில் ஏனைய குடிமக்களோடு வரிசையில் நின்று வாக்களித்தார். பதவியிலிருக்கும் குடியரசுத் தலைவர் பொதுத் தேர்தலில் வாக்களிப்பது அதற்குமுன் வழக்கில் இல்லை. ஒரு வாக்கின் மதிப்பை அறிந்தவர் செயல் அது.

உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நியமனம் குறித்த கோப்பில், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் இடையே தகுதி வாய்ந்தோர் உளர் என்றும், அவர்களையும் கருதுதல் வேண்டும் என்றும் அவர் குறிப்பெழுதியது பெரும் விவாதத்தை எழுப்பியது. 2000ஆம் ஆண்டில் கே. ஜி. பாலகிருஷ்ணன் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனார். 2007இல் நம் வகுப்பிலிருந்து வந்த முதல் தலைமை நீதிபதியாக உயர்ந்தார். அரசியலமைப்பை மாற்றி எழுதலாமா என்னும் பேச்சு எழுந்த 2000ஆம் ஆண்டில், பழுது சட்டத்திலா அன்றி அதனை நடத்துவோரிடத்திலா என்பதை முதலில் ஆராய வேண்டும் என்னும் கருத்தை அவர் நாட்டின் முன் வைத்தார். அம்பேத்கரின் உழைப்பை அறிந்த நம் மக்கள் நெஞ்சில் அக்கருத்து ஆழப் பதிந்தது.

2002இல் இரண்டாம் முறை அவரை நிறுத்தக் கட்சிகளிடையே ஒருமைப்பாடு ஏற்படவில்லை. அவர் போட்டியிடவில்லை. இராமேசுவரத்து அப்துல் கலாம் தேர்ந்தெடுக்கப்பட, ஜூலை 25இல் பதவியை அவரிடம் ஒப்படைத்து அமைதியாக விடைபெற்றார். மூன்றாண்டுகளுக்குப் பின் புதுதில்லியில் மறைந்தார். உஷா அம்மையார் 2008இல் மறைந்தார். 2017ஆம் ஆண்டுத் தேர்தலில் நின்ற இராம்நாத் கோவிந்த், மீரா குமார் ஆகிய இருவருமே நம் வகுப்பினர். கோவிந்த் வென்றார். 2022இல் பழங்குடிப் பெண்மணியாகிய திரௌபதி முர்மு வென்றார். நாராயணன் திறந்த வழி மூடப்படவில்லை என்பதற்கு இவை சான்று.

நாம் கொள்ள வேண்டுவது

நம் பகுதி உழைப்பாளர் பகுதி. துறைமுகமும் மீன்பிடி துறையும் ஆலைகளும் அனல்மின் நிலையங்களும் நம்மைச் சூழ்ந்துள்ளன. ஒப்பந்தக் கூலிக்குச் செல்லும் தந்தைக்கு மகனின் கைக்கூலி இன்று பயன்படும். மகனின் கல்வி பத்தாண்டு கழித்தே பயன்படும். பத்தாம் வகுப்போடு ஒரு சிறுவன் நிற்கும்போது அவன் குடும்பத்தைக் குறைகூறி ஒதுங்குதல் எளிது. அவனுக்கு உரிய கட்டணத்தை யார் கட்டினர், நூலை யார் கொடுத்தனர், பரிந்துரைக் கடிதத்தை யார் எழுதினர் என்று கேட்பதே நேரிய வினா. உழவூரில் அதற்கு ஒரு தமையனார் இருந்தார். அவர் செய்ததைச் செய்யவே இச்சங்கம் இருக்கின்றது. வெள்ளி விழா ஆண்டில் நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு மாணவனுக்கேனும் நீலகண்டனாக நிற்க முன்வருவார்களாயின், அதுவே நாராயணனுக்கு நாம் செய்யும் நினைவுச் சிறப்பாகும்.

வாக்கைக் குறித்தும் ஒரு சொல். நம் வாக்கு தில்லி வரை செல்கின்றது என்பதை மேலே கணக்கிட்டுக் காட்டினோம். அதனை ஒரு வேளைச் சோற்றுக்கும் ஒரு தாள் பணத்துக்கும் கொடுத்துவிடுவோர், 176 மதிப்புள்ள ஒருவரை விற்றவர்க்கு வேண்டியவராக ஆக்காமல், வாங்கியவர்க்கு வேண்டியவராக ஆக்குகின்றனர். பதினெட்டு வயது நிரம்பிய நம் மாணவ, மாணவியர் அனைவரும் வாக்காளர் பட்டியலில் தம் பெயர் உளதா என்று இம்மலர் கைக்கு வந்த கிழமையிலேயே பார்த்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பெயர் இல்லாதோர் சங்க அலுவலகத்துக்கு வரலாம். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க நம் தொண்டர்கள் அணியமாக உள்ளனர்.